யார் வைத்த பொட்டு

அவனுடைய லேத்துக்கு யாரோ பொட்டு வைத்திருந்தார்கள்.

ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் குங்குமப் பொட்டலமுமாக அவன் அப்படியே நின்றான்.

நேற்று சாயங்காலம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பளபளவென்று ஆக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். பொட்டு மட்டும் பாக்கி. அதை ஆயுத பூஜையன்று காலையில், குளித்துவிட்டு வந்து வைப்பான். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

இந்தப் பட்டறையில் அவரவர் மிஷினுக்கு அவரவர்தான் பொட்டு வைக்க வேண்டும். எழுதி ஒட்டிய சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்தவன் மிஷினில் கை வைத்தால் சண்டை வரும்.

மொத்தம் எட்டு லேத். அதில் ஐந்துக்கு இப்போது ஆள் இல்லை.

ஆனி மாதத்திலிருந்தே பம்ப்செட் ஆர்டர் படுத்துவிட்டது. ஒவ்வொருவராகப் போனார்கள். போ என்று முதலாளி ஒருவரையும் சொல்லவில்லை. ஆர்டர் வரட்டும், நானே கூப்பிடுகிறேன் என்பார். அதோடு சரி.

ஆளில்லாத அந்த ஐந்து மிஷின்களுக்கும் விடிந்ததுமே முதலாளி தன் கையால் பொட்டு வைத்திருந்தார்.

அப்படியானால் இது ஆறாவதா?

இருக்காது. இது முதலாளியின் கை இல்லை. ஆள்தான் வாட்டசாட்டமே தவிர, அவர் வைக்கும் பொட்டு சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். குங்குமத்தில்கூடக் கஞ்சத்தனம் என்று பட்டறையில் கேலி செய்வார்கள். இதுவோ அகலமான சந்தனம், நடுவில் தாராளமாகக் குங்குமம். மோட்டாருக்குத் தனியாக ஒன்று. மேலே வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம் வேறு.

பக்கத்து மிஷின் மயில்சாமியைக் கேட்டான்.

"நானில்ல தம்பி. நான் வர்றப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

மயில்சாமி தன் மிஷினில் தான் வைத்த பொட்டு சரியாக இருக்கிறதா என்று போய்ப் பார்த்தார். அவருக்கு அவர் கவலை.

அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தன் பொட்டை இதன் மேலேயே வைப்பதா? அழித்துவிட்டு வைப்பதா? பூஜை நாளும் அதுவுமாகக் குங்குமத்தை அழிக்கக் கை வருமா? வைக்காமல் விட்டால், தானே மிஷினை விட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

முதலாளியிடமே கேட்டுவிடலாம். கிளம்பும்போது மனைவியும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். தீபாவளிக்குப் பிறகு வேலை உண்டா இல்லையா, இன்றைக்காவது கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று.

கேட்டு, நானே உன்னிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன் என்று அவர் ஆரம்பித்துவிட்டால்?

கேட்காதவரை வேலை இருக்கிறது. நாலு மாசமாக அவன் அப்படித்தான் வேலையில் இருக்கிறான்.

முதலாளி உள்ளே வந்தார். கூடவே வெள்ளை வேட்டியில் ஒருவர். அவர் நெற்றியிலும் அதே அகலச் சந்தனம், அதே தாராளக் குங்குமம்.

புரிந்துவிட்டது. வாங்குகிறவர். நல்ல நாளும் நல்ல நேரமும் பார்த்து முன்னாடியே வந்து, பொட்டு வைத்து மிஷினைத் தன்னுடையதாக்கிக்கொண்டிருக்கிறார்.

மிஷின் போகிறது. அதை ஓட்டுகிறவன்?

ஐந்து லேத் சும்மாதானே கிடக்கிறது, அதில் ஒன்றைக் கொடுக்க மாட்டாரா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். சும்மா கிடப்பதற்கு ஆள் எதற்கு?

வந்தவர் நேராக அவனிடமே வந்தார்.

"நீங்கதான் இதை ஓட்டறதுங்களா? மக்கர் கிக்கர் ஏதாச்சும் பண்ணுமுங்களா?"

முதலாளி தட்டில் கற்பூரத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"மூணாவது கியருங்க. சட்டுனு விழாது. பழகின கை வேணுமுங்க. புது ஆளு போட்டா பல்லை உடைச்சுப் போடுவான்."

எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. பதினோரு வருஷம் சோறு போட்ட மிஷின். அதற்குப் பூஜை போடுகிற நாளில், அதன் முன்னாலேயே நின்று அதன் மேல் பழி போட்டுவிட்டான். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டன. வியாபாரம் முறிந்துபோனால் முதலாளி சும்மா விடுவாரா? முறியாவிட்டால் மட்டும் என்ன ஆகும்?

வந்தவர் திரும்பினார்.

"என்னங்க, ஒரு கொறையும் இல்லைன்னு சொன்னீங்க?"

முதலாளி தீப்பெட்டியைக் கையில் வைத்தபடி அவனையே பார்த்தார். அவன் வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் அந்த லேத்தை ஓட்டியவர் அவர்தான். அது எங்கே முனகும், எங்கே முனகாது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு குச்சியைக் கிழித்தார். அணைந்துவிட்டது. இன்னொன்றை எடுத்தார்.

"ஆமாங்க, சொல்ல மறந்துட்டேன்" என்றார் வந்தவரிடம். "குப்புராஜ் கை இல்லாம அது ஓடாதுங்க. அவனையும் சேர்த்தே கூட்டிட்டுப் போயிருங்க."

கற்பூரம் பற்றிக்கொண்டது. தட்டை மிஷினுக்கு மூன்று சுற்றுக் காட்டிவிட்டு அவனிடம் நீட்டினார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலை கிடைத்ததற்கா, போனதற்கா என்று தெரியாமலே அவன் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.