ஈரக் கோல்

பீப்பாயில் புளிக்கும் வெள்ளை ஒயினை அடிவண்டலோடு துழாவினால்தான் கொழுமை ஏறும். "என் தோட்டம், என் திராட்சை" என்று பர்கண்டி வட்டாரம் முழுக்கப் பெருமை பேசிய அன்செல்ம் துழாவுகோலைத் தொட்டதேயில்லை. அது மனைவி சொலாஞ்சின் வேலை. அவளைப் புதைத்த பிறகும் காலைதோறும் கோல் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அன்செல்ம் காப்பி குடிப்பார். வீட்டில் வேறு துணை இல்லை.

வியாபாரி ஃபப்ரீஸ் வந்து, ஒயினை ஒரு வாய் உறிஞ்சி, கண்மூடி, "வெண்ணெய், பாதாம், கொஞ்சம் தேவாலயம்" என்றார். "இதே கை கோடைவரைக்கும் துழாவட்டும். லேபிள்ல உசத்தி ரிசர்வ்னு போட்டு மொத்தமும் நானே எடுத்துக்கறேன். யாரு கைய்யா இது?"

"என்னுதுதான். சொலாஞ்ச் பாட்டில் கழுவுவா, அவ்வளவுதான்."

மறுநாள் கோல் உலர்ந்திருந்தது. நிலவறையின் காலி பாட்டில்கள் அத்தனையும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன.