சீக்கிரம் காயும் மை

"சார், நீங்க பேனா வாங்க வந்தீங்களா, இல்ல கடையில இருக்கிற மையை எல்லாம் தீர்த்துட்டுப் போக வந்தீங்களா?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் சிரிப்பு உதட்டோடு சரி.

எதிரே நின்றவர் கழுத்தில் டை, சட்டைப்பையில் ஆபீஸ் அட்டை. ஆளைப் பார்த்தால் பெரிய படிப்பு மாதிரி இருந்தது. எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறின மாதிரி இருந்தது.

இடது கையில் பேனாவைப் பிடிப்பார். நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு வரி எழுதுவார். எழுதின சூட்டோடு கையின் ஓரத்தை அந்த வரி மேலேயே வைத்துத் தேய்ப்பார். மை இழுபட்டுத் தாளெல்லாம் நாசமாகும். "ம்ஹூம்" என்று பேனாவை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

"நல்லா எழுதுற பேனா சார். எழுதினதை நீங்களே அழிச்சுட்டு நல்லால்லன்னா எப்படி?"

"வழுக்கிக்கிட்டு ஓடுது, இல்லேங்கல. ஆனா காய மாட்டேங்குதே. வேற காட்டுங்க."

"இந்தாங்க, இது உடனே காயும்."

"இது காயுது. ஆனா அழுத்தி அழுத்தி எழுதணும். விரல் வலிக்கும். வேற?"

நாளைக்கு ஸ்கூலில் பரீட்சை. பேனா, பென்சில், அட்டை என்று கடைக்குள் நிற்க இடமில்லை. டைக்காரருக்குப் பின்னால் ஒரு அம்மா, இடது கையில் குடையைச் சுழற்றியபடி, நின்று நின்று கால் கடுத்துப் போயிருந்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் குடைக்காரம்மா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

டைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களைத்தான் தம்பி. கோளாறு பேனாவுல இல்ல, கையில இருக்கு. சுத்தமா எழுதணும்னு நினைப்பு இல்லாதவங்களுக்குத் தங்கத்துல பேனா செஞ்சு குடுத்தாலும் அசிங்கமாத்தான் எழுதுவாங்க."

அவருக்கு முகம் செத்துப்போனது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா. நாளைக்குப் பரீட்சை. நல்ல பேனா இல்லாம நான் வீட்டுக்குள்ள காலை வைக்க முடியாது."

"இந்த வயசுல பரீட்சையா? வெளங்கினாப்லதான்."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. யாரோ ஏதோ விலாசம் சொன்னார்கள். அவசரத்தில் பேனாவை வலது கைக்கு மாற்றி, அதே தாளின் மூலையில் கிடுகிடுவென்று குறித்துக்கொண்டார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

கடைக்காரர் தாளையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். "சார், உங்களுக்கு வலது கைதானா? அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"என் பொண்ணுக்கு இடது கைங்க" என்றார் டைக்காரர். "நமக்கு கை முன்னாடி போகும், மை பின்னாடி காயும். அவளுக்கு அப்படி இல்ல. எழுத எழுத அவ கையே அவ எழுத்து மேல ஏறிப் போகும். நோட்டெல்லாம் கறை. தினமும் சிவப்பு மையில 'அசிங்கம், திரும்ப எழுது'ன்னு வரும்."

"அடப்பாவமே."

"இப்போ வலது கையில எழுதிப் பழகுறா, அழுதுக்கிட்டே. அப்படி எழுதினா நாளைக்குப் பாதிப் பரீட்சைகூட முடிக்க மாட்டா. இடது கையில எழுதுடான்னா பயப்படுறா. அழியாத பேனா வாங்கிட்டு வர்றேன், நீ உன் கையிலயே எழுதலாம்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

"ஸ்கூல்ல போய் ஒரு வார்த்தை பேசலாமே சார்?"

"வேணாங்கிறா. 'எங்க டீச்சர் நல்லவங்கப்பா, எனக்குத்தான் சுத்தம் தெரியல'ங்கிறா."

குடைக்காரம்மா கேட்டார். "என்ன கிளாஸ்?"

"மூணாவதும்மா. இதோ, பக்கத்து ஸ்கூல்தான். அவங்க அம்மாதான் கூட்டிட்டுப் போவா, நான் அந்தப் பக்கம் போனதே இல்ல."

குடை சுழல்வது நின்றது.

கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறினார். மேல் தட்டில் இருந்து ஒரு பழைய டப்பாவை இறக்கி, தூசி தட்டி, ஒரு பேனாவை நீட்டினார். டைக்காரர் இடது கையால் எழுதினார். தேய்த்தார். எழுத்து எழுத்தாகவே இருந்தது. இன்னொரு தரம் தேய்த்தார். பரீட்சையே பாஸானவர் மாதிரி சிரித்தார். வாங்கிக்கொண்டு ஓட்டமாக ஓடினார்.

"வாங்கம்மா, ரொம்ப நேரமா நிக்கறீங்க" என்றார் கடைக்காரர். "வழக்கம்போல சிவப்புப் பேனாதானே, டீச்ச..."

சொல்ல வந்த வார்த்தை பாதியில் நின்றது. பக்கத்து ஸ்கூல். மூணாங்கிளாஸ். அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சிவப்பு வேணாம்" என்றார் டீச்சர். "அவர் வாங்கிட்டுப் போனாரே, அந்தப் பேனாவுல ஒண்ணு குடுங்க."

கொடுத்தார்.

டீச்சர் அதை வலது கையில் வாங்கினார். கறை படிந்த அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையைக் கீழே வைத்துவிட்டு, பேனாவை இடது கைக்கு மாற்றினார். மெதுவாக 'நன்று' என்று எழுதினார். கொஞ்சம் நடுக்கம் இருந்தது. ஆனாலும் உருண்டை உருண்டையாக, அழகாக வந்தது.

கடைக்காரர் ஆச்சரியமாகக் கேட்டார்: "உங்களுக்கும் இடது கைதானா, டீச்சர்?"

டீச்சர் நிமிரவில்லை.

"மூணாங்கிளாஸ் வரைக்கும்."