லேபிள் இல்லாத பாட்டில்

கிழவரின் கோட்டு ஒரு பக்கமாக உப்பியிருந்தது. உள்ளே பாட்டில்! செவ்ரீனுக்கு நெஞ்சு திக்கென்றது.

சாம்பேன் மது தயாரிக்கும் ஃபோர்மந்தெல் மாளிகையில் அன்று விருந்து. விளைச்சல் அமோகமான வருஷத்தில் மட்டும் போடும் உசத்தியான சாம்பேனைத் திறந்திருந்தார்கள். பாரிஸிலிருந்து பெரிய பெரிய ஹோட்டல்காரர்கள் வந்திருந்தார்கள். இந்த நேரத்தில் திருட்டு என்றால் செவ்ரீனின் வேலைக்கே உலை வைத்துவிடும்.

தப்பு அவள்மேல்தான். வாசலில் பெயர் கேட்டபோது, "பேரெல்லாம் எதுக்கும்மா? ஒரு வாய் ருசி பாத்துட்டுப் போயிடறேன்" என்று கிழவர் குழைந்தார். சேறு அப்பிய ரப்பர் பூட்ஸைப் பார்த்து, பாவம் என்று உள்ளே விட்டுத் தொலைத்தாள்.

அதற்குள் முதலாளி கண்ணைக் காட்டினார். செவ்ரீன் மேடையேறி வழக்கமான பல்லவியைப் பாடினாள்.

"மாளிகை கைமாறினாலும் பரம்பரை மாறலைங்க. ஃபோர்மந்தெல் குடும்பத்தோட கடைசி வாரிசு ருசி பாத்துத் தலையாட்டினாத்தான் பாட்டில் வெளிய போகும். இன்னிக்குக் காலையிலகூட, 'எங்க தாத்தா கைப்பக்குவம்'னு சொல்லிக் கண் கலங்கிட்டாரு!"

கைதட்டல் அதிர்ந்தது. அந்த வாரிசை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மாளிகையைப் பெயரோடு சேர்த்து வாங்கிய கம்பெனி எழுதிக் கொடுத்த வசனம் அது. சொல்லும்போதெல்லாம் நாக்கூசும், இன்று கிழவர் வைத்த கண் வாங்காமல் பார்த்ததில் உடம்பே கூசியது.

இறங்கியதும் அவரே அருகில் வந்தார். "நெசமாவே கண் கலங்கினாராம்மா?"

"ஆமா. அதை விடுங்க, கோட்டுக்குள்ள என்ன?" வெடுக்கென்று கேட்டாள்.

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கிழவர் காது வரை சிவந்துபோய், பாட்டிலை மெல்ல வெளியே எடுத்தார். அதில் லேபிளே இல்லை.

போச்சு! நிலவறையில் கிடக்கிற பாட்டிலுக்குத்தான் லேபிள் இருக்காது. விற்பனைக்குக் கிளம்பும்போதுதான் ஒட்டுவார்கள்.

"நிலவறையில கை வச்சுட்டீங்களா? இந்த வயசுல வெக்கமா இல்ல?"

"ஐயய்யோ, இல்லம்மா. இது என் திராட்சைத் தோட்டத்துச் சரக்கு, நானே போட்டது. அடுத்தவங்க வீட்டுக்கு வெறுங்கையோட வரக் கூடாதேன்னு உங்களுக்குத்தான் கொண்டுவந்தேன்."

ஒரு ஹோட்டல்காரர் பக்கென்று சிரித்தார். "மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க!"

அந்தச் சிரிப்பில் செவ்ரீனுக்கு மானமே போனது. குரலை உயர்த்தினாள்.

"கதை விடாதீங்க பெரியவரே! சொந்தச் சரக்குன்னா உங்க பேரை ஒட்டியிருப்பீங்கல்ல? எங்க அந்தப் பேரு?"

கிழவர் தலை குனிந்தார். பாட்டிலை அவள் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு, சுவரில் தங்க எழுத்தில் இருந்த 'ஃபோர்மந்தெல்' பக்கம் கையைக் காட்டினார்.

"என் பேரும் அந்தப் பேருதாம்மா. ஒட்டினா, உங்க கம்பெனி என்மேல கேஸ் போடும்."