கடமான்களுக்கு ஓர் ஏற்புரை

ஒரு மொட்டுகூடக் குறையவில்லை.

ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு அவர் மறுபடி பார்த்தார். சிவப்பு ரோஜா இருக்கிறது. மஞ்சள் இருக்கிறது. பெயர் வாயில் நுழையாத அந்த வெளிநாட்டு வெள்ளையும் இருக்கிறது.

இன்று நடுவர்கள் வருகிறார்கள்.

போன வருடம் இதே நாள் காலையில் இங்கே வெறும் குச்சிகள்தான் நின்றன. கடமான்கள் இரவோடு இரவாக வந்து, மொட்டு, கொழுந்து, இலை என்று வஞ்சகம் இல்லாமல் முடித்துவிட்டுப் போயிருந்தன. தோட்டப் போட்டிக் கோப்பை கீழ்வீட்டு போஜனுக்குப் போனது. முட்டைக்கோசு போடுகிறவன். வரப்போரம் நாலு டேலியா வைத்திருந்தான், அவ்வளவுதான்.

கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர் முட்டைக்கோசிடம் தோற்பதா?

மனித வாடைக்கு மான் அண்டாது என்று சலூனிலிருந்து முடி வாங்கி வந்து மூட்டை மூட்டையாகக் கட்டினார். மான்கள் பொருட்படுத்தவில்லை. சோப்புக்கட்டிகளைத் தொங்கவிட்டார். சோப்பை நக்கிப் பார்த்துவிட்டு ரோஜாவைச் சாப்பிட்டன.

பிறகுதான் அந்த யோசனை வந்தது.

மிருகங்கள் எதற்கு அடங்கும்? அதிகாரத்துக்கு.

பணி நிறைவு விழாவில் அவர் ஆற்றிய ஏற்புரையின் ஒலிப்பதிவு பத்திரமாக இருந்தது. ஒலிபெருக்கிப் பெட்டியை வராந்தாவில் வைத்து, தோட்டத்தைப் பார்த்துத் திருப்பி, படுக்கப் போகும் முன் ஓடவிட்டார். தாளாளரில் தொடங்கி வாட்ச்மேன்வரை எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு அது இருட்டுக்குள் போகும். அது எப்போது முடியும் என்று அவருக்குத் தெரியாது. காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்.

மான்கள் வருவது நின்றுவிட்டது.

அன்று அரங்கில் இருந்தவர்களும் எழுந்து போனார்கள்தான். ஆனால் அதற்குக் காரணம் சாப்பாட்டுப் பந்தி.

வாக்கிங் நண்பர்களுக்கு விளக்கினார். சொல் முக்கியமில்லை. தொனி. முதல்வர் நாற்காலி தந்த தொனி. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும் உத்தேசமும் இருந்தது.

போஜன் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"என் முட்டைக்கோசுப் பக்கமும் வரலைங்க சார். உங்க குரல் அவ்வளவு தூரமா கேக்குது?"

"எங்க பழைய ஆடிட்டோரியத்துல மைக்கே கிடையாது, போஜன்."

"அது சரிங்க. தெருநாய்ங்ககூட ஒண்ணையும் காணோமே."

அதையும் தன் சாதனையில் சேர்த்துக்கொண்டார்.

வீட்டு நாய் மேஜர்கூட மாறிவிட்டது. தபால்காரர் நிழலைப் பார்த்தே தொண்டை கிழியக் குரைக்கிற நாய். இப்போதெல்லாம் இருட்டும் முன்பே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. விடிந்தாலும் வர மாட்டேன் என்கிறது. சத்தமே இல்லை.

ஒழுக்கம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

ஜன்னலருகே நின்றபடியே காதுக் கருவியை மாட்டிக்கொண்டார். வெளியே ஒரு குருவிகூடக் கத்தவில்லை. நல்ல அமைதி. ஷோகேசில் நடு இடத்தைக் கோப்பைக்காக ஏற்கெனவே காலி செய்தாயிற்று.

மனைவி தோட்டத்தில் இருந்தாள். கையில் பூக்கூடை.

ரோஜாவில் கை வைக்கக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. நடுவர்கள் வந்து போகிறவரை சாமிக்கும் கிடையாது. அதனால் அவள் தோட்டத்தின் கீழ்க்கோடிவரை இறங்கிப் போகிறாள். அங்கேதான் சாமந்தி. பக்கத்தில் பேருக்கு ஒரு வேலி. அதற்கு அப்பால் தேயிலை. தேயிலை முடிகிற இடத்தில் காடு.

மூடுபனியில் அவளுடைய சிவப்புச் சால்வை மட்டும் தெரிந்தது. குனிந்தது. நிமிர்ந்தது. குனிந்தது.

அவர் ஜன்னலைத் திறந்தார்.

"வத்சலா! அந்தப் பெட்டியை உள்ளே எடுத்து வெச்சிடு. ஜட்ஜுங்க பாத்தா விஷயம் வெளியே போயிடும்."

"எது, பேசுற பெட்டியா?" அவள் சிரிப்பது கேட்டது. "அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நீங்க குறட்டை விட ஆரம்பிச்சதுமே வந்து ஒயரைப் பிடுங்கிடுவேன். மொத நாள்ல இருந்தே. விடிஞ்சதும் திரும்பச் சொருகி வெச்சிடுவேன். பகலெல்லாம் கேக்குறேனே, போதாதா?"

கோபம்தான் முதலில் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் பட்ட அவமானங்களை வரிசைப்படுத்த அவர் தயாரானார்.

பாதியில் நின்றுவிட்டார்.

ரோஜாக்களைப் பார்த்தார். ஒரு மொட்டுகூடக் குறையவில்லை.

பெட்டி பேசவில்லை.

மான்களும் வரவில்லை.

கட்டிலுக்கு அடியில் மேஜரின் நகங்கள் தரையைப் பிறாண்டின. சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள, இன்னும் உள்ளே போகப் பார்த்தது.

கீழே, வேலிக்கு அப்பால், தேயிலைச் செடிகள் அசைந்தன. எல்லாம் இல்லை. ஒரே ஒரு வரிசை மட்டும்.

காற்று இல்லை.

அசைவு மெல்ல வேலியை நோக்கி வந்தது. குனிந்திருந்த சால்வைக்கு நேராக வந்ததும் நின்றது.

அவர் வாயைத் திறந்தார். மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை எட்டிய குரல்.

வெறும் மூச்சுதான் வந்தது.

"என்ன," என்றாள் அவள், நிமிராமலே, சாமந்தியைக் கிள்ளிக்கொண்டு. "பேச்சையே காணோம்?"