கிடங்குக்கு வந்த குருவி

புது மின்னணுத் தராசின் பொத்தானை அழுத்தியதும் எங்கோ ஒரு குருவி 'கீச்' என்றது. கிடங்கு மேலாளருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்தப் பக்கம் குருவி வந்து எத்தனை காலமாயிற்று! எழுந்து போய்ச் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். ஒன்றையும் காணோம்.

"குருவிய விடுங்க சார், இதப் பாருங்க," என்றார் தராசு விற்க வந்த முதலாளி. "பார்சல இதுமேல வச்சா எடை ஃபோன்ல வந்து நிக்கும். ஒயர் கிடையாது. ஆப்பத் தொடக்கூட வேணாம், தராசக் கண்டா தானாப் போய் ஒட்டிக்கும். எல்லாம் என் ஐடியா. ஒரு வாரமா வீட்ல நானே என் ஃபோன்ல வச்சுப் பழகிட்டிருக்கேன்."

அப்போதுதான் அந்த ஆப்பை எழுதிய பெண், காரிலிருந்து மாதிரிப் பார்சல்களைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். தன் ஃபோனை எடுத்து ஆப்பைத் திறந்தாள். 'இணைக்க முடியவில்லை' என்றது திரை.

புளூடூத்தை அணைத்துப் போட்டாள். ஃபோனையே அணைத்துப் போட்டாள். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். திரை சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

"தராச ஒரு தடவ ஆஃப் பண்ணிப் பாக்கட்டுமா சார்?"

"அதுல கை வைக்காத. நீல விளக்கு ஆடாம அசையாம எவ்ளோ அழகா எரியுது பாரு. தராசு மேல குத்தமில்ல, உன் மேலதான்."

"அது சிமிட்டிக்கிட்டு இருக்கணும் சார். இப்படி நின்னு எரிஞ்சா..."

"கண்ணடிக்கச் சொல்றியா? நான் தராசு விக்க வந்தேம்மா, வேற எதுக்கும் வரல." சொன்ன நகைச்சுவைக்கு முதலாளியே சிரித்தும் கொண்டார். மேலாளர் சிரிக்கவில்லை.

"கீழ போய் இன்னொரு தராச எடுத்துட்டு வரேன். நாளைலருந்து நீ வேலைக்கு வர வேணாம். போற இடமெல்லாம் என் மானத்த வாங்குற ஆளு எனக்கு எதுக்கு?" படிகள் அதிர முதலாளி இறங்கிப் போனார்.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். திரை கலங்கித் தெரிந்தது.

"தண்ணி குடிம்மா," என்று மேலாளர் செம்பை நீட்டினார்.

அவள் குடித்து முடிப்பதற்குள் தராசின் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அடுத்த நொடி 'கீச்' என்றது ஒரு சத்தம். மேலாளர் ஆசையாகச் சன்னலைப் பார்த்துவிட்டு, மெல்ல அவள் கையைப் பார்த்தார்.

"குருவி உன் ஃபோன்லயா இருக்கு?"

"இணைஞ்சா இந்தச் சத்தம் வரும் சார். இந்தத் தராசு ஒரு நேரத்துல ஒரு ஃபோனோடதான் பேசும். இவ்ளோ நேரம் வேற ஏதோ ஃபோன் இதப் புடிச்சு வச்சிருந்துச்சு." பார்சலைத் தூக்கி வைத்தாள். எடை சமர்த்தாகத் திரையில் வந்து உட்கார்ந்தது.

இன்னொரு தராசை இடுக்கிக்கொண்டு வந்த முதலாளி அதைப் பார்த்து மார்பை நிமிர்த்தினார். "பாத்தீங்களா சார்? ஒரு அதட்டு போட்டேன், சரியாயிடுச்சு. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். இந்தப் பொண்ணு இன்னியோட சரி."

கொண்டுவந்ததை மேசைமேல் வைத்து, ராஜா மாதிரி ஒற்றை விரலால் பொத்தானை அழுத்தினார்.

'கீச்.'

இந்த முறை மேலாளர் சன்னல் பக்கம் திரும்பவில்லை. முதலாளியின் சட்டைப் பையைப் பார்த்தபடி சொன்னார்:

"வேலைய விட்டு அனுப்புறதுன்னா, மொதல்ல அந்தக் குருவிய அனுப்புங்க சார்."