கறை படாத படம்

வேலூர் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. கீதாஞ்சலி கூடத்தில் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, அழக்கூட நேரமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

நல்ல படங்களில் எல்லாம் கறை.

ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையை வரைந்திருந்தாளே, அதன் ஓரத்தில் விரல் நுனி அளவுக்குக் கறுப்பாக ஒரு தீற்றல். மழையில் நனையும் ஜவ்வாது மலை, அதிலும். அமிர்தி பஸ்ஸில் ஏற முண்டியடிக்கும் கூட்டம், அதிலும். ரப்பரால் தேய்த்துப் பார்த்தாள். சனியன், இன்னும் பரவியது.

ஒரு மாதமாக வாட்ஸ்அப் குழுவில் 'தினம் ஒரு படம்' சவால். காலையில் தலைப்பு கொடுப்பார்கள். ராத்திரிக்குள் வரைந்து போட்டோ எடுத்துப் போட வேண்டும். கீதாஞ்சலி ஒரு நாளும் தவறவில்லை. போட்டோ போட்டதும் தாளை அட்டைக்குள் செருகி பீரோ மேல் வைத்துவிடுவாள். அப்புறம் பிரித்துப் பார்த்ததே இல்லை.

சவாலை முடித்தவர்கள் ஆளுக்கு ஒரு படம் வேலூர் கண்காட்சியில் வைக்கலாம். அசல் தாள் இன்று மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கறையோ கசங்கலோ இருந்தால் வாங்க மாட்டோம் என்று குழுவை நடத்தும் ஜோஹரா மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

டிராயிங் மாஸ்டரே இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் வரைந்தது நாலு பேர் பார்க்கும் சுவரில் தொங்கப்போவது இதுதான் முதல் தடவை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது போலிருந்தது.

சுத்தமாக இருந்தவை எவை தெரியுமா? பெருச்சாளி மாதிரி வந்த பூனை. சக்கரம் வட்டத்துக்கே வராத சைக்கிள். மட்டமானதை விட்டுவிட்டு நல்லதாகப் பார்த்து மை தடவியிருந்தால், அது கை தவறி நடந்த காரியமா?

நல்ல படங்களில் ஒன்றே ஒன்று தப்பித்திருந்தது. 'முகம்' என்ற தலைப்புக்கு வரைந்தது. அடுப்புத் தீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் மணியம்மாள், கீதாஞ்சலியின் மூத்த ஓரகத்தி.

கீதாஞ்சலிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தன் மூஞ்சியை மட்டும் பத்திரமாக விட்டிருக்கிறாள். இந்த ஒரு மாதத்தில் படம் வரையும்போதெல்லாம் பின்னால் வந்து நிற்பாள், பார்ப்பாள், போய்விடுவாள். நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்ததில்லை. மாமியார் இல்லாத குறை தெரியாத வீடு.

படங்களை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மணியம்மாள் மல்லாட்டையை உடைத்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் படத்துல எல்லாம் இன்னா இது கறை?"

"அதுவா? நான்தான் வெச்சேன்."

"பண்றதையும் பண்ணிட்டு எவ்ளோ சாதாரணமா சொல்றீங்க? நான் வேலூருக்குப் போறது புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாமில்ல? இப்டியா வயித்தெரிச்சலக் காட்டுவீங்க?"

மணியம்மாளின் கை நின்றுவிட்டது.

"இன்னாடி பேசற? முந்நூறு பேரு பாக்கறாங்கன்னு நீதானே சொன்ன. படத்தைப் போட்டதும் உன் போனு டிங்கு டிங்குன்னு அடிக்குது. அத்தினியும் கண்ணு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? எதுக்கு ரொம்ப அடிக்குதோ அதுக்கு மட்டும் கண்மை தொட்டு ஒரு பொட்டு வெச்சேன்."

கீதாஞ்சலி அந்தக் கறுப்புத் தீற்றல்களை மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

"நல்லாருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னதில்லையேக்கா."

"சொன்னா என் கண்ணே பட்டுடுமே."

"தாளுக்குப் பின்னாடி வெச்சிருக்கலாமில்ல?"

"கண்ணு முன்னாடிதானே படுது?"

ஜோஹரா மேடம் கறை படிந்த படத்தை வாங்க மாட்டார் என்பதைக் கீதாஞ்சலி எடுத்துச் சொன்னாள்.

விஷயம் முழுதாகத் தெரிந்ததும் மணியம்மாள்தான் அதிகம் பதறினாள். "அய்யோ, வாங்க மாட்டாங்களா? நான் வேணா அந்த மேடம் கையில பேசட்டுமா? என் தப்புன்னு சொல்லிடறேன்டி."

வயிற்றெரிச்சல் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கீதாஞ்சலிக்குத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. கையிலிருந்த படக்கட்டின் மேலே அந்த முகப் படம் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் கேட்கத் தோன்றியது.

"எல்லாத்த விடவும் இதுக்குத்தானே போன் ஜாஸ்தி அடிச்சுது. இதுக்கு ஏன்க்கா பொட்டு வெக்கல?"

மணியம்மாள் மடியிலிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டாள். கூச்சமாகச் சிரித்தாள்.

"அது என் மூஞ்சிதானே. அதை எவ கண்ணு வெக்கப் போறா?"

கீதாஞ்சலி உள்ளே போனாள். கண்மை டப்பாவோடு திரும்பி வந்தாள்.

"ஏய், வேணாம்டி. மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் கெடுத்துக்காதே," என்று மணியம்மாள் எழுந்தேவிட்டாள்.

கீதாஞ்சலி படத்தைத் தொடவில்லை. அதைப் பத்திரமாக அட்டைக்குள் வைத்துவிட்டு, விரலில் மையைத் தொட்டு, மணியம்மாளின் கன்னத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள்.

"நான் வேலூர்லேர்ந்து வர்ற வரைக்கும் கழுவிடாதீங்கக்கா. இன்னிக்கு எத்தினி கண்ணு படப் போவுதோ."