ராமையாவின் குப்பையைத் திருடியது யார்?

ஊர்க் குப்பை களவு போகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் மண்டோர் ராமையாதான்.

நகராண்மைக் கழகத்தின் குப்பை லாரிக்கும் அதில் வேலை செய்யும் ஏழு ஆட்களுக்கும் அவர்தான் மண்டோர், அதாவது மேஸ்திரி. காலை ஏழு மணிக்கு லாரியோடு போனால், மார்க்கெட்டுக்குப் பின்னால் எப்போதும் வழிந்து கிடக்கும் பீப்பாய்கள் கழுவி வைத்ததுபோல் காலியாக நின்றன.

வேறு சமயமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் 1984-ல் அந்த ஆகஸ்டு மாதம் போட்டி மாதம். பத்து காஜா நகரை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் குப்பையைக் கழகமே அள்ளினால் மலிவா, குத்தகைக்கு விட்டால் மலிவா என்று பார்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பெரிய ரோட்டுக்கு இந்தப் பக்கம் ராமையா; அந்தப் பக்கம் குத்தகைக்காரர் நாச்சியப்பன். இரண்டு லாரிகளையும் தினமும் எடை போடுவார்கள். மொத்தச் செலவை மொத்த எடையால் வகுப்பார்கள். ஒரு டன்னுக்கு யாருக்குச் செலவு குறைவோ, அவருக்கே வேலை.

முதல் வாரம் டன்னுக்கு ராமையாவுக்குப் பத்தொன்பது வெள்ளி செலவு, நாச்சியப்பனுக்குப் பதினெட்டு. எட்டிப் பிடித்துவிடலாம் என்று ராமையா நினைத்தார். குப்பை காணாமல் போகத் தொடங்கிய பிறகு இவருக்கு முப்பத்தொன்று, அவருக்குப் பன்னிரண்டு.

ராமையாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஏழு பேரும் துண்டு போட்டு விற்கப்பட்ட ரப்பர் தோட்டங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்கள். அவர்களைப் பயமுறுத்த வேண்டாமென்று கணக்கு விவரம் எதையும் அவர் சொல்லவில்லை. "யாருக்குச் செலவு கம்மியோ அவங்களுக்குத்தான் வேலை. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றதோடு சரி. பாவம், கவலையில் தூக்கம் போய்விட்டது போலிருக்கிறது. ஏழு பேரும் லாரியில் நின்றபடியே கொட்டாவி விட்டார்கள்.

நேரே நாச்சியப்பனின் கடைக்குப் போனார்.

"மொதலாளி, இது நல்லாருக்கா? என் பக்கத்துக் குப்பையில கை வைக்கிறீங்களே!"

நாச்சியப்பன் காப்பியை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "என் பக்கத்து ஜனங்க நல்லா சாப்பிடறாங்க ராமையா. உங்க பக்கம் எல்லாரும் விரதம் போல."

அந்தச் சிரிப்பே போதுமான சாட்சி என்று ராமையா போலீஸ் நிலையத்துக்கு நடந்தார். சார்ஜன் கார்த்திகேசு புகார்ப் புத்தகத்தைத் திறந்தார்.

"என்ன களவு போச்சு?"

"குப்பை சார்."

பேனா நின்றது. "யாரோட குப்பை?"

"ஊரோடது. ஆனா இப்ப என்னோடது."

"அடையாளம்?"

ராமையா யோசித்தார். "மீன் தலை, முட்டைக்கோசு எலை, கொஞ்சம் கோழி எறகு."

"கண்டுபிடிச்சா திருப்பித் தரணுமா?"

"ஆமா சார். எடை கொறையாம."

சார்ஜன் புத்தகத்தை மூடிவிட்டு, வெளியே காற்றாட உட்காரச் சொன்னார்.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ராமையா மார்க்கெட்டின் பின்புறம் போய், பெரிய பீப்பாய் ஒன்றுக்குள் இறங்கிக் குந்திக்கொண்டார். ஒல்லியான உடம்பு, சுலபமாக அடங்கியது. தலைமேல் முட்டைக்கோசு இலைகளைப் பரப்பிக்கொண்டார். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று பார்த்து, நாச்சியப்பனின் இடத்திலேயே கையும் களவுமாகப் பிடிப்பதாகத் திட்டம்.

அரைமணி நேரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. யாரும் பேசவில்லை. பீப்பாய் ஆடியது. ஒருவன் மட்டும் முனகினான். பிறகு கைவண்டியில் ஏற்றி உருட்ட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு மீன் தலை ராமையாவின் மூக்கில் இடித்தது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். தார் ரோட்டின் வழவழப்பு தெரிந்தது. பெரிய ரோட்டைத் தாண்டுகிறார்கள்! அவர் நினைத்தது சரிதான். நாச்சியப்பனின் பக்கம்!

வண்டி நின்றது. பீப்பாய் தலைகீழாகக் கவிழ்ந்தது. கோழி இறகுகளோடு வந்து விழுந்த ராமையா, "திருட்டுப் பசங்களா!" என்று கத்திக்கொண்டே துள்ளி எழுந்து, கைக்கு அகப்பட்ட முதல் சட்டைக் காலரைப் பிடித்தார்.

அந்தக் காலருக்குள் இருந்தது பத்துமலை. அவருடைய சொந்த லாரியில் பின்னால் நிற்கும் ஆள். அவனுக்குப் பின்னால், கைவண்டிகளோடு மற்ற ஆறு பேரும்.

ராமையா காலரை விட்டார். கண்ணில் நீர் முட்டியது.

"நீங்களாடா? ஒங்களுக்காகத்தானே நான் இந்தப் பாடுபடறேன்! அந்த நாச்சியப்பன் எவ்வளவுடா குடுத்தான்?"

பத்துமலைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! அவன்கிட்ட ஒரு காசு வாங்கல லா. நம்ம பக்கம் குப்பை கொறைஞ்சா நமக்குச் செலவு கொறையும், அவன் பக்கம் கூடுனா அவனுக்குக் கூடும். நீங்க ஜெயிக்கணும்னுதானே ரெண்டு வாரமா நம்ம குப்பையெல்லாம் அள்ளியாந்து இவன் பக்கம் கொட்டறோம்!"